நாலரை மணிக்கு வந்த மஞ்சள் பஸ்

றெஜினா யோசிக்கத் தொடங்கினால் அவளுடைய வலது சப்பாத்து தானாகவே பாதி கழன்றுவிடும். வகுப்பறை ஜன்னலுக்குக் கீழே நீளமாகக் கிடக்கும் ஹீட்டர் பெட்டியின்மேல் ஏறி அமர்வாள். கதிரைகள் காலியாக இருந்தாலும் அங்கேதான். கால்கள் தரையைத் தொடாது. பேச்சு தொடங்கிச் சிறிது நேரத்தில் குதிக்கால் மெல்ல வெளியே வரும். சப்பாத்து பெருவிரல் நுனியில் தொங்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். யாராவது உருப்படியாக ஒன்றைச் சொன்னால் ஆட்டம் மெதுவாகும். வீண்கதை அலம்பினால் வேகமாகும். ஒரு முடிவுக்கு வந்தாளென்றால் குனியாமல், கையால் தொடாமல், பாதத்தை ஒரு சுண்டு சுண்டி உள்ளே நுழைப்பாள். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அந்த விடயத்தைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை. எங்கள் பள்ளிக்கூடத் தமிழ் மாணவர் சங்கக் கூட்டங்களில் யாரும் தலைவியின் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லோருடைய கண்ணும் சப்பாத்தில்தான் இருக்கும்.

ஸ்காபரோவில், மூன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டதைப்போல நிற்கும் பள்ளிக்கூடம் அது. ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரத்தில் மாணவர் கழகங்களுக்கான மேசைகளைச் சாப்பாட்டு மண்டபத்தில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் ஒரு மேசையிலோ இரண்டிலோ பெயர் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். றெஜினா ஒரு தொங்கலில் தொடங்கி மறு தொங்கல்வரை எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தாள். பட்மின்ரன், ஆண்டு மலர், மீள்சுழற்சிக் குழு, சதுரங்கம். சதுரங்கக் கழகத்துக்கு நத்தார் விடுமுறைக்கு முன்பே செயலாளர் ஆகிவிட்டாள். குதிரை எந்தப் பக்கம் பாயும் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அவளுடைய அப்பா மன்னார்க்காரர். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்திலிருந்து லொறி ஓட்டுகிறார். அம்மா பேர்ணடெற் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறார். "வாய் திறக்கப் பயப்பிடுற ஆக்களைத் திறக்கப்பண்ணுறதுதான் அம்மான்ர வேலை. எனக்கும் அதுதான் வேலை" என்று றெஜினா சொல்வாள். அவள் ஆட்களைப் பிடிக்கும் முறை எளிமையானது: பட்டம் கொடுத்துவிடுவாள். நடனக்காரருக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவன் நீர்வளத்துறை அமைச்சர். ஒட்டுநாடாச் சுருளை வைத்திருக்கிறவள் ஒட்டுத் திணைக்களப் பணிப்பாளர். பட்டம் கிடைத்த பிறகு யாரும் வராமல் நிற்பதில்லை. ஒருநாள் நடைபாதையில் என்னையும் மறித்தாள்.

"நீ திரைக்குப் பொறுப்பு."

"நான்... எனக்கு ஸ்ரேஜ் எல்லாம் சரிவராது."

"ஸ்ரேஜுக்கு ஆர் உன்னைக் கூப்பிட்டது? பக்கத்தில நிண்டு கயிறைப் பிடி. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. எல்லாத்தையும் பாக்கலாம்."

என்னைப்பற்றி அவ்வளவு சரியாக அதுவரை யாரும் சொன்னதில்லை. கயிற்றைப் பிடித்தேன். அங்கே நின்று பார்த்தவைதான் இவை.

ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் சங்கம் பள்ளி மண்டபத்தில் ஒரு பொங்கல் விழா வைக்கும். அதற்கு முந்தின வருட விழா பெரிய அவமானத்தில் முடிந்திருந்தது. ஆறு மணி நிகழ்ச்சிக்குச் சனம் ஏழேகாலுக்கு வந்தது. வந்த பிறகு விளக்கேற்றல், மௌன வணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. பிறகு பிரதம விருந்தினர் அருள்நாயகம் அங்கிள். அடுக்குமாடிகளில் இருக்கும் வயதானவர்கள் சேர்ந்து நடத்தும் மூத்தோர் வட்டத்துக்கு அவர் தலைவர். எங்கள் விழாவுக்கு முதன்முதல் காசு தந்து உதவியது அந்த வட்டம்தான் என்பதால் ஒவ்வொரு வருடமும் பிரதம விருந்தினர் அவர்தான். மைக்கைப் பிடித்தால் முக்கால் மணித்தியாலத்துக்குக் குறையாது. ஒன்பது மணிக்கு முடியவேண்டிய விழா பத்தரையானபோது பாதியில் நின்றது. இரவு வேலைக் காப்பாளர் அன்புராசா அண்ணை மண்டப விளக்குகளை அணைத்து அணைத்துப் போட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், இரண்டு மாதம் பழகிய காவடியோடு, மேடையேறாமலே வீட்டுக்குப் போனார்கள். அதில் ஒருத்தி காவடியின் மயிலிறகைத் தடவியபடி பஸ் தரிப்பில் நின்று அழுததை றெஜினா பார்த்திருந்தாள்.

மறுநாள் துணை அதிபர் மிஸஸ் டாலிவால் சங்கத்தைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனுஷி. அவர் சொன்னது இவ்வளவுதான்: அடுத்த முறை ஒன்பது மணிக்கு மண்டபம் காலியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் இனித் தமிழ்ச் சங்கத்துக்கு மாலை நிகழ்ச்சி கிடையாது. மதிய இடைவேளையில் சாப்பாட்டு மண்டபத்தில் எதையாவது செய்துகொள்ளலாம். றெஜினா அந்த வருடம் தலைவி அல்ல. மூலையில் இருந்த உபசெயலாளர். அவள்தான் கையை உயர்த்தி, "ஒன்பதுக்கு முடிப்போம். நான் பொறுப்பு" என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகவே அடுத்த வருடம் அவளைத் தலைவியாக்கினார்கள். வேறு யாரும் போட்டியிடவுமில்லை.

ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மார்கழிக் கூட்டத்தில், ஹீட்டர் பெட்டியின்மேல் சப்பாத்து ஆடிக்கொண்டிருந்தபோது, கேள்வி ஒன்றுதான் இருந்தது.

"நிகழ்ச்சி ஆறுக்கு. அழைப்பில என்ன நேரம் போடுறது?"

"ஆறு எண்டு போட்டா ஏழேகால்" என்றான் கிளிபோட். அழைப்பிதழ் வடிவமைப்பவன் அவன்தான். எதையும் கணக்குப்போல் பேசுவான்.

"ஐஞ்சரை?"

"ஆறேமுக்கால்."

"ஐஞ்சு?"

"ஆறு பத்து. ஆனா ஒரு ப்ரொப்ளம் இருக்கு. எங்கட அம்மாவுக்கு நான் எப்பவுமே ஒரு மணித்தியாலம் முந்தித்தான் சொல்றனான். அது அவவுக்கும் தெரியும். அதால அவ ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வாறவ."

"உங்கட அம்மா ஒரு ஆளுக்காக நேரத்தை மாத்தேலாது."

"எல்லா அம்மாவும் எங்கட அம்மாதான்."

சப்பாத்து வேகமாக ஆடியது. பிறகு நின்றது. டப்.

"ஐஞ்சு. முடிஞ்சுது. அடுத்தது அருள்நாயகம் அங்கிள்."

அவரைக் கூப்பிடாமல் விடமுடியாது. சுருக்கிப் பேசச் சொல்லவும் முடியாது. முந்தைய தலைவர் சொல்லிப் பார்த்தபோது, அந்த அறிவுரைக்குப் பதில் சொல்லவே அங்கிள் பத்து நிமிடம் எடுத்திருந்தார். அன்றைக்கு அந்த விடயத்தில் சப்பாத்து உள்ளே போகவேயில்லை. மணி அடித்துவிட்டது.

விழா ஒரு வெள்ளிக்கிழமை. மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் வேலையைத் தொடங்கினோம். நாலரைக்கு மேடையில் பாதிக் கோலமும், ஒரு ஏணியும், ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்ட ஒன்பது நடனக்காரிகளும் இருந்தார்கள். ஒலியமைப்புக்காரர் இன்னும் வந்துசேரவில்லை. அப்போதுதான் வாசல் கண்ணாடிக்கு அப்பால், பனிக்குள், ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது. அதன்பின் கம்பளிக் கோட்டுகள், சேலைக்கு மேல் குளிர்ச் சட்டைகள், கம்பளித் தொப்பிகள். ஒன்றன்பின் ஒன்றாக மூத்தோர் வட்டம் முழுவதும் இறங்கியது.

முன்னால் வந்தவர் வட்டத்தின் பொருளாளர் ஜெயமலர் அன்ரி.

"என்ன பிள்ளையள், கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க நித்திரையோ? குளிர் காதைப் பிடுங்குது."

றெஜினா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். "அன்ரி, வாங்கோ வாங்கோ. நிகழ்ச்சி ஐஞ்சு... இல்லை, ஆறு மணிக்கு."

"ஐஞ்சோ ஆறோ? இதில நாலரை எண்டெல்லோ கிடக்கு." கைபேசியை நீட்டினார். அழைப்பிதழில் கரும்புக்கும் பானைக்கும் நடுவே, தங்க நிறத்தில், நாலரை என்றுதான் இருந்தது. எத்தனையோ வாரமாக எங்கள் எல்லோருடைய கைபேசியிலும் கிடந்த படம் அது. நாங்கள் யாரும் நேரத்தைப் பார்த்திருக்கவில்லை. நேரம்தான் எங்களுக்குத் தெரியுமே.

றெஜினா மெதுவாகத் திரும்பினாள்.

"கிளிபோட்."

"என்ன?"

"நாலரை."

"நீ ஐஞ்சு எண்டுதான் சொன்னனி. நான் ஒரு சேஃப்ரிக்கு..."

"சேஃப்ரியோ? உன்னை..." வயதானவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் மீதியை விழுங்கிவிட்டாள்.

கடைசியாக இறங்கிய அருள்நாயகம் அங்கிள் தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினார். "நான் இந்த ஊருக்கு வந்த காலம் தொட்டுத் தமிழ் நிகழ்ச்சியளுக்குப் போறன். இண்டைக்குத்தான் முதல்தரம் நேரத்துக்கு வந்திருக்கிறன். வந்து பாத்தா ஏணி நிக்குது."

"இந்தமுறை பஸ் பிடிச்சது பிழையாப் போச்சு" என்றார் ஜெயமலர் அன்ரி. "அந்த ட்ரைவர் நாலு மணிக்கே வந்து ஹோண் அடிக்கிறார். ஒருத்தருக்கும் சேலைக்கு ஊசி குத்த நேரமில்லை."

பஸ் போய்விட்டது. ஒன்பதுக்குத்தான் திரும்பி வரும். நாற்பது பேர், ஒன்றரை மணித்தியாலம், வெறும் மண்டபம். கோபித்துக்கொண்டால் அடுத்த வருடம் உதவி கிடையாது. அதைவிட மோசம், ஒன்றரை மணித்தியாலம் காக்க வைக்கப்பட்ட அருள்நாயகம் அங்கிள் மைக்கைப் பிடித்தால் என்ன பேசுவார், எவ்வளவு நேரம் பேசுவார் என்பது. எல்லோரும் றெஜினாவின் காலைப் பார்த்தோம். அன்று அவள் போட்டிருந்தது முழங்கால்வரை உயர்ந்த பனிச் சப்பாத்து. ஒன்றும் தெரியவில்லை.

றெஜினா அங்கிளின் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

"அங்கிள், உங்கட பேச்சு கையில இருக்கோ?"

"பொக்கற்றில இருக்கு. ஏன்?"

"இப்பவே பேசுவமோ?"

"இப்பவோ? சபை இல்லாமலோ?"

"சபை உங்களோட பஸ்ஸிலயே வந்திருக்கு."

"எங்களை விடு பிள்ளை" என்றார் ஜெயமலர் அன்ரி. "பஸ்ஸில ஒருக்கா வாசிச்சுக் காட்டிப்போட்டார். சந்தியில லைற்றுக்கு நிக்கேக்க இரண்டாந்தரம் தொடங்கினவர்."

"அன்ரி, நீங்கள் கேக்கவேண்டாம். நீங்கள்தான் வரவேற்புரை."

"ஆர், நானோ?" அன்ரியின் கை தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்தது. "நான் ஒண்டும் ஆயத்தமா வரேல்லையே."

"உங்களுக்கு ஆயத்தம் தேவையே, அன்ரி? ஆசியுரைக்கு ஆர் வாறியள்?"

ஏழு கைகள் உயர்ந்தன. றெஜினா ஏழுபேருக்கும் கொடுத்தாள். தலைமையுரை ஒருவருக்கு, தமிழர் திருநாள் பற்றி ஒருவருக்கு, நன்றியுரை கூட ஒருவருக்கு. நன்றி சொல்ல இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

சபைக்கு ஆள் போதாது என்று அங்கிள் முணுமுணுத்தபோது அவள் உடற்பயிற்சி மண்டபத்துக்கு ஓடினாள். பயிற்சியை முடித்துக்கொண்டிருந்த பட்மின்ரன் அணியை, வியர்வையும் மட்டையுமாக, அப்படியே அழைத்து வந்து முன்வரிசையில் இருத்தினாள். அவர்களில் யாருக்கும் ஒரு சொல் தமிழ் தெரியாது. "நான் கை தூக்கினா நீங்கள் தட்டவேணும். பிறகு சாப்பிட ரோல்ஸ் தருவன்" என்று ஆங்கிலத்தில் ஒப்பந்தம். ஒரு கண்ணுக்கு மை போட்ட நடனக்காரிகளும் வந்து அமர்ந்தார்கள். அன்புராசா அண்ணை ஏணியை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு, பள்ளிக்கூடத்துப் பழைய மைக்கை எடுத்து வந்து பொருத்தினார். அவரும் பின்வரிசையில் அமர்ந்தார்.

நான் திரையை இழுத்தேன். பாதிக் கோலத்தின் முன்னே விளக்கு ஏறியது.

ஜெயமலர் அன்ரி ஆயத்தமில்லாமலே தடங்காமல் வரவேற்றார். ஆசியுரைக்காரர் ஒருவர் பாட்டே பாடிவிட்டார். மை போட்ட கண்ணும் போடாத கண்ணுமாக நடனக்காரிகள் சிரித்தார்கள். கடைசியாக அருள்நாயகம் அங்கிள் எழுந்தபோது, றெஜினா அவருடைய காதருகே குனிந்து சொன்னது எனக்குத் திரைக்குப் பின்னால் கேட்டது.

"ஆறுதலாப் பேசுங்கோ, அங்கிள். எவ்வளவு நேரமெண்டாலும் எடுங்கோ. ஒரு அவசரமும் இல்லை."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். அந்த வார்த்தைகளை அவருடைய வாழ்நாளில் எந்த அமைப்பாளரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பேசத் தொடங்கினார். முதல் பக்கத்தில் வேகமாகப் போனார், முடிக்கச் சொல்லி யாரோ துண்டுக் கடுதாசி நீட்டப்போகிறார்கள் என்பதைப்போல. யாரும் நீட்டவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு தடவை நின்று பக்கத்திரையைப் பார்த்தார். றெஜினா சிரித்துத் தலையாட்டினாள், கையைத் தூக்கினாள், பட்மின்ரன் அணி இடிபோலத் தட்டியது. மூன்றாம் பக்கத்தில் அவருடைய குரல் தணிந்தது. கடுதாசியை மடித்தார். முதல் பனிக்காலத்தில் தன் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த நாளைச் சொன்னார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் தகப்பனும் மகனும் வெளியே நின்றதைச் சொன்னார். சிரித்தார். "அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சுதோ?" என்றார் ஜெயமலர் அன்ரி, உண்மையான அதிர்ச்சியோடு. "பஸ்ஸில இதைவிட நீளமெல்லோ?"

ஆறு மணி கழிந்து மற்றச் சனம் வரத் தொடங்கியது. கிளிபோட்டின் அம்மா, கூட்டத்தில் அவன் கணக்குப்போட்டுச் சொன்ன ஆறு பத்துக்கே வந்தார். கோட்டைக் கழற்றியபடி ஒருவர் வாசலில் என்னிடம் கேட்டார்: "தம்பி, பேச்செல்லாம் முடிஞ்சுதோ?"

"ஓம் அங்கிள். முடிஞ்சுது."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தீரே? நேரத்தோட வெளிக்கிடுவம் எண்டெல்லோ நிண்டீர்."

அதற்குப் பிறகு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது விழா. நடனம், நாடகம், பாட்டு, நடனம். நடுவில் அருள்நாயகம் அங்கிளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மண்டபம் நிறையச் சனத்தைக் கண்டதும் அவருக்குள் ஏதோ அசைந்தது. மைக்கை நோக்கி ஒரு அடி வைத்தார். பக்கத்திரையிலிருந்து றெஜினா என்னைப் பார்த்து இரண்டு கைகளாலும் இழுத்துக் காட்டினாள். இழுத்தேன். சபை கைதட்டியது. திரைக்குள் நின்ற அங்கிள் தோளைக் குலுக்கிவிட்டு, "வடிவான திரை" என்றார்.

எட்டு மணிக்குப் பிறகு காவடி வந்தது. முந்தின வருடம் மேடையேறாத அதே ஆறு பேர். இப்போது பத்தாம் வகுப்பு. ஒரு காவடி மட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது. அதையும் சேர்த்து ஆடினார்கள். அதைப் பார்க்க றெஜினா நிற்கவில்லை, வாசலுக்குப் போய்விட்டாள். ஏனென்றால் எங்கள் ஆட்களின் நிகழ்ச்சி முடிவது வேறு, எங்கள் ஆட்கள் போவது வேறு. வணக்கம் சொல்லி, பனிச் சப்பாத்தைத் தேடி, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, திரும்பவும் ஒரு கதையைத் தொடங்க ஒரு மணித்தியாலம் வேண்டும்.

ரோல்ஸையும் தேநீரையும் அவள் மண்டபத்துக்குள் வைத்திருக்கவேயில்லை. வெளிக்கதவுக்கு அருகே, இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவிலுள்ள குளிர்ந்த இடைவெளியில் மேசை போட்டிருந்தாள். திரை விழுந்ததும் கிளிபோட் மைக்கில் அறிவித்தான்: "ரோல்ஸ் வாசலில். சூடு ஆறமுதல் எடுங்கோ." சனம் எழுந்தது. ரோல்ஸை எடுத்தவர்களால் அந்த இடைவெளியில் நிற்கமுடியவில்லை. பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். உள்ளே திரும்பவும் முடியவில்லை. எல்லோரும் கையில் சூட்டோடு காருக்குள்ளும், முந்தியே வந்து நின்ற மஞ்சள் பஸ்ஸுக்குள்ளும் போய்ச் சாப்பிட்டார்கள். வாகனத் தரிப்பிடம் முழுவதும் கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது.

மிஸஸ் டாலிவால் கோட்டை மாட்டியபடி நடைபாதையில் நின்றார். அன்புராசா அண்ணை கதவுத் திறப்புக்கோர்வையோடு அவருக்குப் பக்கத்தில். ஒன்பதுக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. துணை அதிபர் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். மடித்த கதிரைகள், கூட்டிய தரை, மேடையில் பாதிக் கோலம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் மண்டபத்தைப் பார்த்தார்.

"அடுத்த ஜனவரிக்கும் மண்டபம் உங்களுக்குத்தான், றெஜினா" என்றார். "வேண்டுமென்றால் அதற்கு அடுத்ததற்கும்."

அவர் திரும்பிப் போகும்வரை றெஜினா நேராக நின்றாள். பிறகு அந்த வெறும் மண்டபத்தின் நடுப்பாதையில், பனிச் சப்பாத்தோடு, வாசலிலிருந்து மேடைவரை சத்தமிட்டுக்கொண்டு ஓடினாள். மேடை விளிம்பில் மூச்சு வாங்க அமர்ந்தவளிடம் கிளிபோட் கடைசி ரோல்ஸை நீட்டினான்.

"மன்னிப்புக் கேக்கமாட்டன். என்ர அரை மணித்தியாலம்தான் உன்னைக் காப்பாத்தினது."

"வாயை மூடு" என்றாள். ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை அவனுக்குக் கொடுத்தாள்.

இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விடுதியில் மாடிக்கு ஒரு குழு அமைத்திருக்கிறாளாம். தீயணைப்புப் பயிற்சிக்கு முதலில் இறங்கி வருகிறவருக்கு ஏதோ ஒரு பட்டம். எங்கள் பள்ளியில் பொங்கல் விழா இன்றும் மாலையில்தான் நடக்கிறது. வயதானவர்களை முதலில் அழைத்துப் பேச்சுக்களை முடித்துவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்கு 'மூத்தோர் அரங்கு' என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள்.

போன கோடையில் அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக் கடையில் அன்புராசா அண்ணையைக் கண்டேன். முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விழாவைப் பற்றிக் கதை வந்தது. ஒன்பதுக்குள் முடித்ததை நான் கொஞ்சம் பெருமையாகச் சொல்லியிருக்கவேண்டும். அவர் சிரித்தார்.

"அண்டைக்கு எனக்குப் பத்தரை வரைக்கும் ஓவர்ரைம் போட்டுத் தந்தவா மிஸஸ் டாலிவால். மண்டபமும் பத்தரை வரைக்கும் எடுத்துத்தான் வைச்சிருந்தவா. ஏன் அப்ப பிள்ளையளிட்ட ஒன்பது எண்டு சொன்னனீங்கள் எண்டு கேட்டன். 'எங்கட பஞ்சாபிக் கலியாணங்களுக்கும் இப்பிடித்தான், அன்பு. ஒன்றரை மணித்தியாலம் முந்தித்தான் சொல்லவேணும்' எண்டவா."